பிள்ளைகள் முகாம் ஊழியர்களுக்குத் தலை எண்ணப் பழக்குவது

பயிற்சியின் முதல் நாளே விதிமுறைகளை வாசித்துக் காட்டாதீர்கள். யார் மனதிலும் நிற்காது. நடித்துப் பழக்குங்கள். 10 ஊழியர்கள் பிள்ளைகளாகவும், 2 பேர் பொறுப்பாளர்களாகவும் நடிக்கட்டும். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து மைதானத்துக்குப் போகும் வழியில் ஒரு 'பிள்ளை'யை நைசாகக் கழிவறையில் ஒளியச் சொல்லுங்கள். இடம் மாறும்போதுதான் பெரும்பாலும் கணக்கு தப்பும்.

கிளம்பும் முன் ஒருமுறை, போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை எண்ண வேண்டும். வெறும் எண் போதாது. உங்கள் பிள்ளை ஒன்று விடுபட்டு, பக்கத்துக் குழுப் பிள்ளை ஒன்று கலந்துவிட்டால் 10 சரியாகவே வரும். பெயர்ப் பட்டியலை வைத்து, முகம் பார்த்து டிக் அடிக்கட்டும். வரிசையின் கடைசியில் வரும் பொறுப்பாளர் எந்தப் பிள்ளையையும் முந்தக்கூடாது.

எண்ணுவதில் தவறியவரை எல்லார் முன்னும் திட்டாதீர்கள், அடுத்த முறை தவறை மறைப்பார். தனியே சொல்லி, அன்றே மறுபடி செய்ய வையுங்கள்.