கணினிக் குரலையும் கொஞ்சம் மூச்சு விடச் சொல்லுங்கள்

எழுதியதை அப்படியே கணினியிடம் வாசிக்கக் கொடுத்தால் ரயில் நிலைய அறிவிப்பு போலத்தான் ஒலிக்கும். குரலை மாற்றிப் பார்ப்பதற்கு முன் எழுத்தை மாற்றுங்கள். "5 கி.மீ. நடந்தான்" என்றிருந்தால், புள்ளியைக் கண்டதும் வாக்கியம் முடிந்ததாக நினைத்துச் சில குரல்கள் நின்றுவிடும். "ஐந்து கிலோமீட்டர்" என்று விரித்து எழுதினால் தடுமாறாது. தேதி, ரூபாய், தலைப்பெழுத்து எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான்.

அடுத்தது இடைவெளி. "கதவைத் திறந்தேன் யாரும் இல்லை" என்பதை ஒரே மூச்சில் வாசித்தால் அது தகவல். "திறந்தேன்" என்றதும் அரை விநாடி நின்றால் கதை. காற்புள்ளி சிறு நிறுத்தம்தான் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2004இல் தரப்படுத்திய எஸ்எஸ்எம்எல் குறிமொழி இருக்கிறது; எப்படி வாசிக்க வேண்டும் என்று குரலுக்குச் சொல்லும் குறிகளை எழுத்துக்கு நடுவிலேயே போடும் முறை அது. அதன் 'பிரேக்' குறியில் 500 மில்லி விநாடி என்று கொடுங்கள். 'புரோசடி' குறியில் வேகத்தை 90 சதவீதமாகக் குறைக்கலாம், சுருதியையும் ஏற்றி இறக்கலாம். எல்லாக் குரல்களும் எல்லாக் குறிகளையும் மதிப்பதில்லை. முதலில் ஒரு வரியில் சோதித்துவிடுங்கள். சுருதியில் மட்டும் கை அடக்கம் தேவை. கொஞ்சம் கூடுதலாக ஏற்றினாலும் என் காதுக்குக் கார்ட்டூன் அணில்தான் பேசுகிறது.