கானா பேண்டுக்குத் தாளம் கட்டுவது எப்படி

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் புதிதாக பேண்டு ஆரம்பிக்கிற பசங்க முதலில் பாடகரையும் கீபோர்டையும்தான் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் வாரம் பாட்டே வேண்டாம், டிரம்மரும் பேஸ் கிடார்காரரும் தனியாக உட்காரட்டும். அந்த இரண்டு பேர் பிசகினால் எப்பேர்ப்பட்ட குரலும் தடுமாறும்.

நம்ம குத்து அடி பெரும்பாலும் திஸ்ர நடை, அதாவது ஒவ்வொரு அடியும் மூன்று மூன்றாகப் பிரியும்: தகிட தகிட தகிட தகிட. இதை இருவரும் வாயால் சொல்லிக்கொண்டே காலால் தட்டுங்கள். அப்புறம் டிரம்மர் கிக்கும் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) ஹைஹேட்டும் (ஜோடித் தட்டு) மட்டும் வாசிக்கட்டும், பேஸில் பாட்டின் ஆதார ஸ்வரம் ஒன்றே ஒன்று, அதுவும் கிக் விழும் இடத்தில் மட்டும். இரண்டும் ஒரே அடியாகக் காதில் விழும்வரை அடுத்த ஸ்வரத்துக்குப் போகாதீர்கள், சலிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஸ்வரத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். ஸ்னேர் (சுள்ளென்று கேட்கிற சின்ன டிரம்) விழும் நேரத்தில் பேஸ் கம்பியை அமுக்கிவிட்டுப் பாருங்கள், அந்த அடி எவ்வளவு பளிச்சென்று கேட்கிறதென்று தெரியும்.

டோலக் சேர்ந்ததும் ஒரு சிக்கல் வரும். கிக், பேஸ் கிடார், டோலக்கின் பேஸ் பக்கம் மூன்றும் கீழ்ச்சத்தத்தில் மோதி கொழகொழவென்று ஆகிவிடும், பாடகரின் வார்த்தை புரியாது. கிக் வரும் இடத்தில் டோலக்காரர் அந்தக் கையை அடக்கி, மறுகை விரல்களில் மட்டும் ஓடட்டும். உருட்டல் எல்லாம் பாடகர் வரி முடித்து மூச்சு வாங்கும் இடத்தில்தான்.

பறை இருந்தால், காசிமேடு, ராயபுரம் மாதிரி கடல் காற்று அடிக்கிற இடத்தில் தோல் ஈரத்தில் தளர்ந்துவிடும். மேடை ஏறும் முன் வைக்கோலோ பேப்பரோ கொளுத்திக் காய்ச்சுங்கள், இரண்டு பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை காய்ச்ச வேண்டியிருக்கும்.

மேடையில் பேஸ்காரர் ஹைஹேட் பக்கத்திலேயே நிற்கட்டும். ஒரு மீட்டர் தாண்ட ஒலிக்கு கிட்டத்தட்ட 3 மில்லிவிநாடி ஆகும். 10 மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 30, அதுவே அடி பிந்துவதற்குப் போதும்.

நிகழ்ச்சியை போனில் பதிவு செய்து, முதல் சரணத்துக்கும் கடைசி சரணத்துக்கும் வேகத்தை ஒப்பிடுங்கள். விசில் பறந்ததும் எல்லோருக்கும் கை ஓடும், இழுத்துப் பிடிக்க வேண்டியவர் டிரம்மர். வேகம் ரொம்பவே ஏறியிருந்தால் அடுத்த ரிகர்சலில் மெட்ரோனோம் (ஒரே வேகத்தில் டிக் டிக் என்று அடிக்கிற கருவி) போட்டு அந்தப் பாட்டை மறுபடி இருவர் மட்டும் வாசியுங்கள்.