பேட்டரி டிரில்லோடு சுவரில் இறங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரி மெஷின் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வோல்ட்?" என்றுதான். செங்கல், கான்கிரீட், கல் இவற்றில் வேலை செய்யப் போகிறவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த மெஷின் சுவரை எப்படி அடிக்கிறது?

வோல்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ் என்று இரண்டு பெட்டிகளில் எழுதியிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் ஒரே அமைப்புதான், தலா 3.6 வோல்ட் கொண்ட 5 செல்கள் வரிசையாக இருக்கும். முழு சார்ஜில், வேலை செய்யாமல் இருக்கும்போது அளந்தால் 20, சராசரியாகச் சொன்னால் 18. இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, அடிக்கு வருவோம். ஹேமர் டிரில்லும் ரோட்டரி ஹேமரும் ஒன்றுதான் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. சாதாரண ஹேமர் டிரில்லில் பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றோடொன்று உரசித் துள்ளுவதால்தான் அடி வருகிறது, அதனால் நாம் அழுத்தினால்தான் அது வேலை செய்யும். செங்கல் சுவரில் ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் அடிக்க நாலைந்து ஓட்டை போட இது போதும், கான்கிரீட் தூணில் போய் நின்றால் கை வலிப்பதும் துளை போடும் பிட் சூடாவதும்தான் மிச்சம். ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் ஒன்று காற்றை அழுத்தி, அந்தக் காற்று உள்ளிருக்கும் சுத்தியலைத் தள்ளி பிட்டின் தலையில் அடிக்கிறது. மெஷினே அடிப்பதால் நாம் நிதானமாகப் பிடித்துக்கொண்டால் போதும், மேலே சாய்ந்து அழுத்தினால் அடி குறையுமே தவிர அதிகமாகாது. கான்கிரீட்டில் அடிக்கடி வேலை இருக்கிறது என்றால் எஸ்டிஎஸ் பிளஸ் பிட் (தண்டில் காடி வெட்டியது, செருகினால் பூட்டிக்கொள்ளும்) மாட்டும் ரோட்டரி ஹேமர்தான் வாங்க வேண்டும், அதில் பார்க்க வேண்டிய எண் வோல்ட் அல்ல, ஒவ்வொரு அடியின் வலுவைச் சொல்லும் ஜூல். 6 முதல் 12 மி.மீ. ஓட்டைகளுக்கு 2 ஜூல் பக்கம் இருந்தாலே நன்றாகப் போகும். அதே மெஷினில் உளி மாட்டி டைல்ஸ் பெயர்க்கலாம், பூச்சைத் தட்டலாம், ஆனால் தளத்தையே உடைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அப்புறம், இம்பாக்ட் டிரைவர் என்பது ஸ்க்ரூ முடுக்கும் மெஷின். அதன் அடி சுற்றும் திசையில் விழுகிறது, சுவருக்குள் நேராக அல்ல, எனவே கான்கிரீட் ஓட்டைக்கு அது உதவாது.

நல்ல மெஷின் வாங்கிய பிறகு நடக்கும் தவறு, எல்லாச் சுவரிலும் ஹேமரைப் போட்டே ஓட்டுவது. ஹாலோ பிளாக்கின் உள்தடுப்புகள் மெல்லியவை, அடித்தால் வெளியே சின்ன ஓட்டை தெரியும், உள்ளே பெரிய துண்டாக உடைந்து விழுந்திருக்கும், பிளக் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த, எடை குறைந்த ஏஏசி பிளாக்கும் அப்படித்தான். இரண்டிலும் ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுற்றலில் போங்கள், நேரம் அதிகமானாலும் ஓட்டை ஓட்டையாக இருக்கும். டைல்ஸ் ஒட்டிய சுவர் என்றால் டைல்ஸைத் தாண்டும்வரை டைல்ஸுக்கான பிட், மெதுவான சுற்று, அடி கூடாது. கான்கிரீட்டில் திடீரென்று பிட் நின்றுபோனால் கம்பியில் முட்டியிருக்கலாம். அங்கேயே போட்டு அழுத்தினால் பிட் முனையில் இருக்கும் கார்பைடு உடையும், கம்பியையும் வெட்டக் கூடாது, இடம் மாற்றிப் போடுவதே சரி.

மெஷினில் வயர் இல்லை என்பதால் ஷாக் பயமும் இல்லை என்று சிலர் நம்புகிறார்கள். சுவருக்குள் ஓடும் வயரில் மின்சாரம் இருக்கிறதே! பிட் அதைத் தொட்டால் மெஷினின் உலோகப் பகுதியில் மின்சாரம் வரும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் ஓட்டை போடுவதைத் தவிருங்கள், வயர் கண்டுபிடிக்கும் கருவியால் பாருங்கள், சந்தேகம் இருந்தால் மெயினை அணைத்துவிடுங்கள். பேட்டரி மெஷினுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

தூசி பற்றி எத்தனை முறை சொன்னாலும் போதாது. கான்கிரீட், செங்கல், கல் மூன்றிலும் சிலிக்கா இருக்கிறது. அறுக்கும்போது பறப்பதில் கண்ணுக்குத் தெரிகிற தூசியைவிடத் தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகிறது, அங்கே உண்டாகும் சிலிக்கோசிஸுக்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. கைக்குட்டை கட்டிக்கொள்வது இதற்குப் பாதுகாப்பே அல்ல. என்95 அல்லது அதற்கு மேல், முகத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்தும் மாஸ்க் வேண்டும். அதோடு தூசி உறிஞ்சும் இணைப்பும் இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும்தான், ஆனால் ஈரத்தில் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளர் சொல்லாத பேட்டரி கிரைண்டரில் (டிஸ்க் சுழன்று அறுக்கும் மெஷின்) தண்ணீர் ஊற்றாதீர்கள். வேலை முடிந்து துடைப்பத்தால் கூட்டினால் அடங்கிய தூசி மறுபடி எழும், தண்ணீர் தெளித்து வழித்தெடுங்கள்.

கிரைண்டரில் இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும் என்று டிஸ்கை மறைக்கும் பாதுகாப்பு கார்டைக் கழற்றுவதை யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள். டிஸ்கில் எழுதியிருக்கும் வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. பிட்டோ டிஸ்கோ மாற்றும்போது பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

பேட்டரி அளவிலும் ஒரு தவறு உண்டு. கிரைண்டர் மின்சாரத்தை அதிகமாக இழுக்கும். 2 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியில் ஒரே வரிசை செல்கள்தான் இருக்கும் என்பதால் மொத்தச் சுமையும் அவற்றின் மேலேயே விழும், சீக்கிரம் சூடாகும். 5 ஏஎச் பேட்டரியில் பொதுவாக இரண்டு வரிசை இருப்பதால் சுமை பாதியாகப் பிரியும். ஆனால் தலைக்கு மேலே கூரையில் ஓட்டை போட அதே பெரிய பேட்டரியை மாட்டினால் தோள் விட்டுப்போகும், அங்கே சின்னதுதான் வசதி. வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் செருகாமல் ஆறவிடுங்கள். நீண்ட நாள் எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள். விலை குறைவு என்று போலி பேட்டரி வாங்கினால் உள்ளே பாதுகாப்பு சர்க்யூட் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கெமிக்கல் ஆங்கர் (ஓட்டையில் பசை விட்டு அதில் பதிக்கும் போல்ட்) வைப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ஓட்டையை ஊதி, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊதிய பிறகே பசையை விடுங்கள். தூசி இருந்தால் பசை கான்கிரீட்டில் ஒட்டாமல் தூசியில் ஒட்டிக்கொள்ளும், பாரம் ஏற்றும்போது ஆங்கர் அப்படியே வெளியே வரும்.