ஊட்டி குளிர்ல அரையாண்டு பரீட்சை வாரம்: பெரிய கிளாஸ் பசங்க இருக்கிற வீட்டுக்கு ஒரு செய்முறை

டிசம்பர் வந்தா ஊட்டில உறைபனியும் அரையாண்டு பரீட்சையும் சேந்தே வரும். எங்க வீட்ல பொண்ணு பிளஸ் டூ, பையன் ஒன்பதாவது, நான் வேலைக்குப் போறேன், அவருக்கு டீ ஃபேக்டரில ஷிஃப்ட், ஒரு வாரம் பகல்னா அடுத்த வாரம் நைட்டு. கீழ சமவெளில இருந்து மாற்றலாகி முதல் தடவையா இங்க குளிர்காலம் பாக்கப்போறவங்களுக்காக இத எழுதுறேன். நாங்க வந்த வருஷம் எனக்கு இதெல்லாம் சொல்ல ஆள் இல்ல, கோயம்புத்தூர்ல வீட்ட எப்படி ஓட்டினேனோ அப்படியே இங்கயும் ஓட்டப் பாத்தேன், ரொம்பக் கஷ்டப்பட்டோம்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு, டிசம்பர் ஜனவரில மேகமில்லாம காத்தில்லாம இருக்கிற ராத்திரில பூஜ்யம் டிகிரி பக்கம் போயிடும், தலைகுந்தா மாதிரி பள்ளமான இடங்கள்ல காலையில புல்லெல்லாம் வெள்ளையா கிடக்கும். அந்த நேரத்துல தண்ணி சீக்கிரம் சூடாகாது, துணி காஞ்சிருக்காது, மாவு பொங்கியிருக்காது, தேங்கா எண்ணெய் கல்லா இருக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. இத்தனையும் காலையிலதான் செய்வேன்னா பசங்கள அஞ்சு மணிக்கு எழுப்பணும், அதாவது நம்ம வேலைக்கான நேரத்த அவங்க தூக்கத்துல இருந்து எடுக்கிறோம். அத எடுக்காம இருக்கத்தான் இனிமே சொல்ற எல்லாமும்.

ஸ்டெப் 1: சனிக்கிழமை காலையில துணி

வெயில் முற்றத்துக்கு வர பத்து மணி ஆகும், மூணு மணிக்கு மேல அதுல சூடு இருக்காது, அந்த அஞ்சு மணி நேரம்தான் உங்க கையில இருக்கு. அதனால சனிக்கிழமை ஒன்பதரைக்குள்ள துவைச்சு முடிச்சிடுங்க. முதல்ல யூனிஃபார்ம், அடுத்து சாக்ஸ், அப்புறம்தான் மத்தது. பெட்ஷீட்டெல்லாம் இந்த வாரம் தொடவே தொடாதீங்க.

பிழிஞ்ச பேன்ட்ட ஒரு காஞ்ச டவல் மேல விரிச்சு பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி, அது மேல முழங்கால வச்சு அழுத்துங்க, டவல் நல்லா ஈரத்த இழுத்துக்கும், காயுற நேரம் பாதியா குறையும். ஸ்வெட்டர கொடியில தொங்கவிடாதீங்க, ஈர கனத்துல நீண்டுடும், கவுத்துன கூடை மேல பரப்பி விடுங்க. மூணு மணிக்கு எல்லாத்தையும் உள்ள எடுத்துடணும், லேசா ஈரம் இருந்தாலும் எடுத்துடுங்க, பனி இறங்க ஆரம்பிச்சா அதுவரைக்கும் காஞ்சதும் மறுபடி நனைஞ்சிடும். மிச்ச ஈரத்துக்கு ரூம்ல கயிறு கட்டி ஃபேன் போட்டா போதும். அயர்ன் பாக்ஸால காய வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, தையல் மடிப்புல ஈரம் நிக்கும், போட்ட பத்து நிமிஷத்துல பசங்களுக்கு சில்லுனு ஆகும்.

சாக்ஸ் ஆளுக்கு ஆறு ஜோடி வாங்கி வச்சிருங்க, செலவுதான், ஆனா வாங்கிடுங்க. ஒரு வருஷம் கணக்குப் பரீட்சை அன்னைக்கு பொண்ணு ஈர சாக்ஸோடவே போயிட்டா, எங்கிட்ட சொல்லவும் இல்ல, மூணு மணி நேரம் கால் விறைச்சுப் போய் உக்காந்து எழுதியிருக்கா, சாயந்திரம் ஷூவ கழட்டும்போது விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. அன்னைக்கு நான் அழுதுட்டேன்.

ஸ்டெப் 2: சனிக்கிழமை சாயந்திரம் மாவு

கீழ எட்டு மணி நேரத்துல பொங்குற மாவு இங்க பதினாறு, பதினெட்டு மணி நேரம் எடுக்கும், அதனால ஞாயித்துக்கிழமை ராத்திரி அரைச்சா திங்கக்கிழமை காலையில கல்லு மாதிரி இட்லிதான் வரும். சனிக்கிழமை சாயந்திரமே அரைச்சிடுங்க.

நாலு கப் இட்லி அரிசிக்கு ஒரு கப் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், ஒரு பிடி அவல். வெதுவெதுப்பான தண்ணில ஊற வைங்க, கிரைண்டர்ல தெளிக்கிற தண்ணியும் கை பொறுக்கிற சூட்டுல இருக்கட்டும். அரைச்சு முடிச்சதும் கையாலதான் கலக்கணும், அடியில இருந்து மேல நாலஞ்சு நிமிஷம். உப்பு இப்ப வேணாம், குளிர்ல உப்பு போட்டா பொங்குறது இன்னும் மந்தமாகும், பொங்கின பிறகு போட்டுக்கலாம். அப்புறம் ஒரு பெரிய அண்டால சூடு தண்ணி கொஞ்சம் ஊத்தி அதுக்குள்ள மாவு பாத்திரத்த இறக்கி வச்சு, மூடி, பழைய கம்பளியால சுத்தி விடுங்க, படுக்கப் போறதுக்கு முன்னாடி அந்தத் தண்ணிய ஒரு தடவை மாத்துங்க, காலையில எழுந்ததும் ஒரு தடவை. ஞாயித்துக்கிழமை மதியம் பாத்தா மாவு ஏறி நிக்கும். உப்பு போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டா புதன் வரைக்கும் டிபன் கவலை இல்ல, வியாழன் வெள்ளிக்கு ரவா உப்புமாவும் சேமியா கிச்சடியும் போதும், பரீட்சை வாரத்துல புதுசா எதையும் ட்ரை பண்ண வேணாம்.

தயிரும் அப்படித்தான். பால் நல்ல சூட்டுல இருக்கும்போதே, அதாவது விரல் விட்டா லேசா சுடுற அளவுல, கீழ ஊத்துறத விட கூட ஒரு ஸ்பூன் உறை ஊத்தி ஹாட்கேஸ்ல மூடி வைங்க.

ஸ்டெப் 3: ஞாயித்துக்கிழமை

பொண்ணுக்கு நீளமான முடி இருந்தா தலைக்குக் குளிக்கிறது ஞாயிறு பகல் பதினொரு மணிக்குத்தான், வெயில்ல உக்காந்து காய வைக்கணும். வாரத்துக்கு நடுவுல தலை நனைச்சா சாயந்திரம் வரைக்கும் உள்ள ஈரம் இருக்கும், பரீட்சை ஹால்ல தும்மிக்கிட்டு இருப்பாங்க.

அன்னைக்கே ரெண்டு பேரோட டைம்டேபிளையும் ஒரே பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டுங்க, அதுல அப்பாவோட ஷிஃப்ட்டும் அம்மாவோட ஆபீஸ் டைமும் இருக்கணும். எங்க வீட்ல பொண்ணுக்கு காலையில பரீட்சை, பையனுக்கு மதியம். முன்னாடியெல்லாம் ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல எழுப்பிட்டு இருந்தேன், பேப்பர்ல எழுதிப் பாத்த பிறகுதான் பையன ஏழரை வரைக்கும் தூங்க விடலாமேன்னு தெரிஞ்சுது. இந்தப் பேப்பர பசங்களையே எழுதச் சொல்லுங்க, அவங்க எழுதினத அவங்களே பாப்பாங்க, நாம எழுதினா அதையும் நம்மளையே கேப்பாங்க.

ஸ்டெப் 4: குளியல் கணக்கு

இத நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. 15 லிட்டர் கீசர் இந்தக் குளிர் தண்ணிய சூடாக்க ஒரு தடவைக்கு 20, 25 நிமிஷம் எடுக்கும். நாலு பேர் வரிசையா குளிச்சா காலையில ஒன்றரை மணி நேரம் அதுக்கே போயிடும். அதனால பையனும் நானும் ராத்திரி ஏழு மணிக்கு மேல குளிச்சிடுவோம், காலையில முகம் கழுவி கால் கழுவினா போதும். பதினாலு வயசுப் பையன் விளையாடிட்டு வேர்த்து வர்றான், அவனுக்கு சாயந்திரக் குளியல்தான் சரி, படுத்ததும் தூக்கமும் நல்லா வரும். கேஸ் கீசர் வச்சிருக்கவங்க பாத்ரூம் ஜன்னல எவ்ளோ குளிரா இருந்தாலும் முழுசா அடைக்காதீங்க.

ஸ்டெப் 5: ராத்திரி ஒன்பது மணி, இருபது நிமிஷம்

பருப்ப கழுவி ஊற வைக்கணும். இந்த உயரத்துல தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிடும், அந்தச் சூட்டுல சட்டியில வச்ச பருப்பு குழைய ரொம்ப நேரமாகும், குக்கர்ல வச்சாலும் கீழ விடுறத விட ரெண்டு விசில் கூட விடணும், ஊறியிருந்தா அது மிச்சம். முட்டை வேக வைக்கிறதா இருந்தா மூணு நிமிஷம் சேத்துக்கோங்க.

ஃப்ளாஸ்க்ல வெந்நி ரொப்பி அடுப்பு பக்கத்துல வைங்க, காலையில பல்லு தேய்க்க, முதல் டீக்கு, தேங்கா எண்ணெய் பாட்டில நிக்க வைக்க எல்லாத்துக்கும் அதுதான். காய் நறுக்கி டப்பால போட்டு வச்சிடலாம், இந்த சீசன்ல அவரையும் கேரட்டும் உழவர் சந்தைல அவ்ளோ பிஞ்சா கிடைக்கும், நறுக்கி வச்சா மறுநாளும் வாடாது. பேக், ஹால் டிக்கெட், ரெண்டு பேனா, ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாம் ஒரே நாற்காலில. வண்டிய கூரைக்கு அடியில நிறுத்தி சீட் மேல ஒரு சாக்கு போட்டு விடுங்க, இல்லன்னா காலையில சீட்டு மேல பனி படிஞ்சு கிடக்கும்.

ஸ்டெப் 6: எழுப்புறது

பதிமூணுல இருந்து பதினெட்டு வயசு வரைக்கும் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேணும்னு டாக்டர்கள் சொல்றாங்க. அந்த வயசுல உடம்போட கடிகாரமே ஒண்ணு ரெண்டு மணி நேரம் தள்ளிப் போயிடும், ராத்திரி பத்து மணிக்கு அவங்களுக்குத் தூக்கம் வராதது சோம்பேறித்தனம் இல்ல, உடம்பு அப்படி மாறியிருக்கு. டிசம்பர்ல இங்க விடியவே ஆறரை ஆகிடும், அதுக்கு முன்னாடி இருட்டுல எழுப்பினா அவங்களுக்கு அது நடுராத்திரிதான்.

மேல சொன்னதெல்லாம் செஞ்ச பிறகு பொண்ண 5:15க்கு எழுப்பிட்டு இருந்தது 6 மணியாச்சு. ஒரு நாளைக்கு 45 நிமிஷம், அஞ்சு நாள்ல மூணே முக்கால் மணி நேரத் தூக்கம் அவளுக்குத் திரும்பக் கிடைச்சுது. விடியக்காலைல படிச்சாதான் மண்டையில ஏறும்னு எங்க அம்மா இன்னைக்கும் சொல்வாங்க, அவங்க காலத்துல எட்டு மணிக்கே படுத்தாங்க, அதனால ஏறுச்சு.

எழுப்பும்போது கத்தாதீங்க, போர்வைய உருவவே உருவாதீங்க. லைட்ட போட்டுட்டு, அன்னைக்குப் போடுற ஸ்வெட்டர அஞ்சு நிமிஷம் போர்வைக்குள்ள தள்ளி விடுங்க, அது உடம்புச் சூட்டுல வெதுவெதுன்னு ஆனதும் உள்ளயே போட்டுக்கிட்டு எழுந்திருப்பாங்க. "எழுந்திரு கண்ணு, பால் ஆறுது"ன்னு ஒரு தடவை சொன்னா போதும். பொண்ணு மொறைப்பா, பதில் சொல்ல மாட்டா, அது நம்ம மேல கோவம் இல்ல, இன்னும் தூக்கம் தெளியல, அவ்ளோதான்.

ரூம் சூட்டுக்கு தயவுசெஞ்சு கரி அடுப்ப உள்ள வைக்காதீங்க

இத நம்பர் போடாம தனியா சொல்றேன். ராத்திரி பசங்க படிக்கிற ரூம்ல கணப்பு மூட்டி கதவ சாத்துறது ரொம்ப ஆபத்து. கரி எரியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும். கரன்ட் ஹீட்டர்னா தூங்கறதுக்கு முன்னாடி நிறுத்திடுங்க. இல்லன்னா ஹாட் வாட்டர் பேக்க துணியில சுத்தி கால்மாட்டுல வைங்க, படிக்கும்போது கால் சூடா இருந்தாலே போதும்.

ஸ்டெப் 7: புதன்கிழமை

மூணாவது நாள் எல்லாரும் ஓஞ்சு போயிருப்போம், எங்க வீட்ல சண்டை வந்த நாளெல்லாம் கணக்கு எடுத்தா பாதி புதன்கிழமைதான் வரும். அதனால அன்னைக்கு ராத்திரி சமையல் கிடையாது, மிச்ச மாவுல தோசை, அதுவும் பசங்களே சுடுவாங்க. பையன் கையில இருந்து ஃபோன வாங்குறதுக்கு இதவிட சுலபமான வழி எனக்குத் தெரியல, தோசைக்கரண்டி பிடிச்சா ஃபோன் தானா கீழ போகுது. அடுப்பு பக்கம் கதகதன்னு இருக்கும், அவங்க அப்பா பகல் ஷிஃப்ட்ல இருந்தா அவரும் வந்து நிப்பார். மூணு நாளா வாயத் திறக்காத பொண்ணு அந்த இடத்துலதான் "அம்மா, கெமிஸ்ட்ரி எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொன்னா. நான் உபதேசம் ஒண்ணும் பண்ணல, சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து பக்கத்துல நின்னேன், அவளே பேசினா, அரை மணி நேரம்.

ஸ்டெப் 8: வெள்ளிக்கிழமை

கடைசிப் பரீட்சை முடிஞ்சு வந்ததும் எப்படி எழுதினன்னு கேக்காதீங்க, ஷூவ கழட்டச் சொல்லி கால வெந்நில வைக்கச் சொல்லுங்க, சாப்பிட சூடா ஏதாவது கொடுங்க, சொல்லணும்னா அவங்களே சொல்வாங்க. சனிக்கிழமை யாரையும் எழுப்பாதீங்க. துணிய மட்டும் வெள்ளி ராத்திரியே ஊற வச்சிடாதீங்க, விடிஞ்சு அந்தத் தண்ணில கைய விட முடியாது, சனிக்கிழமை எட்டரைக்கு வெந்நி கலந்து அரை மணி நேரம் ஊற வச்சா வெயில் வர்றதுக்குள்ள அலசிடலாம்.