ஹைவேயில் ஆர்பிஎம் ஏறி இறங்குதா? இந்த வரிசையில் பாருங்க

ஆக்சிலேட்டரில் கால் அசையவில்லை, ரோடும் மட்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) முள் 2500-க்கும் 2800-க்கும் நடுவே ஆடுகிறது. உடனே த்ராட்டில் பாடியை (இன்ஜினுக்குக் காற்று விடும் தகடு இருக்கும் பாகம்) கழற்றிக் கழுவ வேண்டாம். அதில் படியும் கரி பெரும்பாலும் ஐட்லிங்கைத்தான் (மிதிக்காதபோது இன்ஜின் ஓடுவது) கெடுக்கும். 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அந்தத் தகடு ஐட்லிங்கைவிட அதிகமாகத் திறந்துதான் இருக்கும்.

கீழே உள்ளது மேனுவல் கியர், இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களுக்கு. ஆட்டோமேட்டிக், சிவிடி என்றால் முதல் கணக்கு பொருந்தாது.

தேவையானது காரின் ஓபிடி சாக்கெட்டில் சொருகும் ஈஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டரும், கிராஃப் பதியும் ஒரு ஆப்பும். கோடு (கோளாறு எண்) மட்டும் காட்டும் ஸ்கேனருக்குக் காசு கொடுக்காதீர்கள். போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், அல்லது பதிவு செய்து வீட்டில் வந்து பாருங்கள்.

1. ஆர்பிஎம்மை வேகத்தால் வகுக்கவும்

கிளட்ச் வழுக்காமல் கவ்வியிருக்கும்வரை இன்ஜினும் சக்கரமும் ஒரே சங்கிலி மாதிரி. 5-ஆம் கியரில் 80-க்கு 2500 என்றால் விடை 31.25. 100-இல் 3125 வரவேண்டும். கிராஃபில் இந்த விடை மாறாமல் இருந்து, வண்டியும் முன்னும் பின்னும் உலுக்கினால் கோளாறு இன்ஜினில். மேம்பாலம் ஏறும்போது விடை 31-லிருந்து 35-க்குத் தாவினால் கிளட்ச் வழுக்குகிறது. சென்சார்களைத் தொடவே வேண்டாம்.

வண்டி சீராக ஓடும்போதே முள் மட்டும் சட்டென்று கீழே விழுந்து எழுந்தால் மீட்டர் அல்லது வயரிங். முள் விழும்போது இன்ஜினும் வெட்டினால், அதுவும் சூடேறிய பிறகு மட்டும் என்றால், கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை உணரும் சென்சார்) மேல்தான் முதல் சந்தேகம்.

2. லோடு கொடுத்துப் பார்க்கவும்

பலரும் கோட்டை விடும் இடம் இது. நின்ற வண்டியில் பெட்ரோல் பிரஷர் சரியாக இருக்கும், கோடும் இருக்காது. "பம்ப் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். ஐட்லிங்கில் பெட்ரோல் தேவை சொற்பம், அடைத்த வடிகட்டியே அதற்குப் போதும். 100-இல் ஏற்றம் ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஷார்ட் ட்ரிம், லாங் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்), முன் ஆக்ஸிஜன் சென்சார் (புகையில் உள்ள ஆக்ஸிஜனைப் பார்ப்பது) வோல்ட் மூன்றையும் பதியுங்கள். காலியான ரோட்டில் 4-ஆம் கியரில் சில நொடிகள் முழுசாக மிதியுங்கள். சாதாரண சென்சாரில் 0.8 வோல்ட்டுக்கு மேல் நிற்கவேண்டும். மிதித்தபடியே 0.1, 0.2 என்று சரிந்தால் பெட்ரோல் போதவில்லை. காலை எடுத்ததும் பூஜ்யத்துக்கு வருவது கோளாறில்லை. அப்போது இன்ஜெக்டரே மூடியிருக்கும். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) இருந்தாலும் இதே மாதிரி காட்டும், எனவே அதைக் குறிக்கும் பி0300 வரிசைக் கோடு இருந்தால் முதலில் பிளக், காயில்.

3. ட்ரிம் எங்கே ஏறுகிறது?

இரண்டு ட்ரிம்மையும் கூட்டி +10 சதவீதத்துக்கு மேல் போனால் கவனிக்கவும். ஐட்லிங்கில் அதிகம், 2500-இல் குறைகிறது என்றால் காற்றுக் கசிவு: இன்டேக் ஹோஸ், பிசிவி ட்யூப் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோவது). சீரான ஓட்டத்தில் லோடு கூடக்கூட ஏறினால் பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது). சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவவும். கார்ப் கிளீனர் அடித்தால் அதோடு அது காலி.

ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாமல் மேப் சென்சார் (இன்டேக் அழுத்தத்தை அளப்பது) மட்டும் உள்ள கார்களில் கசிவு ட்ரிம்மில் அவ்வளவாகத் தெரியாது. ஐட்லிங் வேகம் கூடியிருக்கும், அதை வைத்துப் பிடியுங்கள்.

4. டேங்க்

ஓரம் கட்டிப் பத்து நிமிஷம் நிறுத்தினால் சரியாகி, கொஞ்ச தூரத்தில் மறுபடி திணறுகிறதா? டேங்குக்குள் பம்பின் வலையில் அழுக்கு ஒட்டி, நின்றதும் உதிர்கிறது என்று சந்தேகிக்கலாம். திணறும்போது நிறுத்தி மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி நன்றாக ஓடினால் டேங்கின் காற்று வழி அடைப்பு.

பம்பை மாற்றும் முன் அதன் கனெக்டரில், பம்ப் ஓடும்போது வோல்ட் அளக்கவும். பேட்டரியில் 14, அங்கே 12 என்றால் புது பம்பும் திணறத்தான் செய்யும். ரிலே, எர்த் வயரைப் பாருங்கள்.

பின்னர் சேர்த்தது: சிஎன்ஜி கிட் உள்ள வண்டியில் எல்லாவற்றுக்கும் முன்னால் பெட்ரோலுக்கு மாற்றி அதே ரோட்டில் ஓட்டுங்கள். ஆட்டம் நின்றால் கேஸ் ஃபில்டர், ரெடியூசர் (கேஸ் அழுத்தத்தைக் குறைப்பது) பக்கம் போங்கள்.