அப்பாவின் கோப்பு மட்டும் ஏன் ஒதுங்கியது?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் மூன்று கணினிகள். கோயில் காவடிக் கணக்கை அப்பா டெஸ்க்டாப்பிலும், நானும் தங்கையும் லேப்டாப்பிலும் எழுதுவோம். கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் என்ற மென்பொருள் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். இணையம் இல்லாவிட்டாலும் வீட்டு வைஃபையே அதற்குப் போதும்.

ஆனால் மின்வெட்டு வந்துபோனால், அப்பா எழுதியது மட்டும் ‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’ என்ற பெயரில் தனியே கிடக்கும். பாவம், மனுஷர் நொந்துபோவார்.

இரண்டு பக்கமும் தனித்தனியே மாற்றிய கோப்பு என்றால், எதில் நேரம் பழையதோ அதைத்தான் சிங்க்திங் அப்படி ஒதுக்கும். சரி என்று டெஸ்க்டாப்பின் கடிகாரத்தைப் பார்த்தேன். 2009 என்று காட்டியது! மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைக்கும், மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி செத்திருந்தது. இணையம் வந்து நேரம் திருந்துவதற்குள் அப்பா கோப்பைச் சேமித்துவிடுகிறார்.

புதிய சிஆர்2032 பேட்டரி போட்டு நேரத்தைச் சரிசெய்தேன். அப்புறம், பழைய பிரதிகளைக் காக்கும் வசதியை மூன்றிலும் இயக்கினேன். ஒதுங்கிய வரிகளை அப்பாவும் நானும் உட்கார்ந்து கணக்கில் சேர்த்துவிட்டோம்.