க்ரோன்போர்க் கோட்டைக்கு முதல் முறை போகிறீர்களா? கோபன்ஹேகனிலிருந்து படிப்படியாக

கோபன்ஹேகன் போகிற நம்மவர்கள் பலரும் கடற்கன்னி சிலை, நீஹவ்ன் கால்வாயோர வண்ண வீடுகள் என்று நாலு படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு விமானம் ஏறிவிடுகிறார்கள். அங்கிருந்து வடக்கே ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் ஹெல்சிங்கோர் என்ற துறைமுக ஊர். அதன் முனையில், கடல் மூன்று பக்கமும் மோத நிற்பது க்ரோன்போர்க் கோட்டை. டென்மார்க்கில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றாலும் அந்த நாளை இதற்குக் கொடுங்கள் என்பது என் கட்சி. எப்படிப் போவது, எதை எந்த வரிசையில் பார்ப்பது, மிச்ச நேரத்தில் வேறு என்ன பார்க்கலாம் என்று முதல் முறை போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: கிளம்புவதற்கு முன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். கதை தெரியாமல் போனால் க்ரோன்போர்க் பெரிய, குளிர்ந்த, பாதி காலியான ஒரு கட்டடமாகத்தான் தெரியும்.

ஹெல்சிங்கோருக்கும் எதிரே இருக்கிற ஸ்வீடன் கரைக்கும் நடுவில் கடல் வெறும் 4 கிலோமீட்டர் அகலம். பால்டிக் கடலுக்குள் போய்வரும் கப்பல்களுக்கு இதுதான் முக்கிய வழி. அந்தக் காலத்தில் இரண்டு கரையுமே டென்மார்க் வசம் இருந்ததால், 1429 வாக்கில் எரிக் மன்னர் இந்த வழியாகப் போகிற ஒவ்வொரு கப்பலும் நின்று காசு கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஆக்கிவிட்டார். நம் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியேதான், என்ன, இங்கே தடுப்புக்கட்டைக்குப் பதில் பீரங்கி. 1567இல் இரண்டாம் ஃபிரெடரிக் காலத்தில், கப்பலுக்கு இவ்வளவு என்றிருந்த வரியைச் சரக்குக்கு இவ்வளவு என்று மாற்றினார்கள், கஜானா நிரம்பி வழிய ஆரம்பித்தது. சரக்கின் மதிப்பைக் கப்பல் தலைவரே சொல்லலாம், ஆனால் அவர் சொன்ன விலைக்கே மொத்தச் சரக்கையும் வாங்கிக்கொள்ளும் உரிமை மன்னருக்கு உண்டு. குறைத்துச் சொன்னால் சரக்கு போச்சு, கூட்டிச் சொன்னால் வரி ஏறும். யோசித்தவன் கெட்டிக்காரன்.

அந்தப் பணத்தில்தான் 1574 முதல் 1585 வரை பழைய கோட்டையை இப்போது நாம் பார்க்கிற அரண்மனையாக மாற்றிக் கட்டினார்கள். 1629இல் தீப்பிடித்து உள்ளே கிட்டத்தட்ட எல்லாம் போனது, தேவாலயம் மட்டும் தப்பியது. நான்காம் கிறிஸ்டியன் மறுபடி கட்டினார். 1658இல் ஸ்வீடன் படை பிடித்து, எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போனது. 1785க்குப் பிறகு ராணுவக் குடியிருப்பாகவே ஆகிவிட்டது. கடல் சுங்கம் 1857இல் ஒழிந்தது, 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. ஆகவே உள்ளே தங்கமும் சரவிளக்குமாக மின்னும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்கு வேறு அரண்மனை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் கதை நடப்பதும் இங்கேதான், உலகம் முழுக்க இந்தக் கோட்டைக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்த நாடகம்தான். ஷேக்ஸ்பியர் இங்கே வந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. 1586இல் இந்த அரண்மனையில் ஆடிய ஆங்கில நடிகர்களில் சிலர் பின்னாளில் அவருடைய குழுவில் இருந்தார்கள், அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கலாம்.

படி 2: நாளும் நேரமும்

மே முதல் செப்டம்பர் வரை நல்லது. ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நாலுக்குள் இருட்டிவிடும், திறந்திருக்கும் நேரமும் குறைவு, திங்கட்கிழமைகளில் பல இடங்கள் மூடியிருக்கும். எந்த மாதமானாலும் காற்றைத் தடுக்கிற மேலாடை ஒன்று கட்டாயம், கோட்டை நிற்கிற முனையில் கடல் காற்று சும்மா விடாது. குடை கொண்டுபோய்ப் பிரயோஜனம் இல்லை, திருப்பிப் போட்டுவிடும்.

படி 3: பணம், டிக்கெட்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பணம் யூரோ இல்லை, டேனிஷ் க்ரோன். நோட்டு மாற்றி வைத்துக்கொள்ளவே தேவையில்லை, ஐஸ்கிரீம் கடையிலும் அட்டைதான்.

டிக்கெட்டில் இரண்டு வழி. கோட்டை, மியூசியம் என்று ஒரே நாளில் மூன்று நான்கு இடம் ஏறி இறங்குகிறவர்கள் கோபன்ஹேகன் கார்டு வாங்கலாம், ரயில், பேருந்து, மெட்ரோ எல்லாம் அதில் அடக்கம், ஹெல்சிங்கோர் வரை செல்லும். நிதானமாக ஒரு கோட்டை, ஒரு நடை, ஒரு காபி என்று போகிறவர்களுக்கு அது நஷ்டம். அவர்கள் பயணத்துக்கு மட்டும் சிட்டி பாஸ் லார்ஜ் எடுத்துக்கொண்டு, நுழைவுச்சீட்டை அந்தந்த இடத்தின் இணையதளத்தில் வாங்கினால் போதும். சிட்டி பாஸ் ஸ்மால் என்று ஒன்று உண்டு, விலை குறைவாகத் தெரியும், ஆனால் அது நகரத்துக்குள் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு ஹெல்சிங்கோர் ரயிலில் உட்கார்ந்தால் அபராதம் பலமாக இருக்கும். நம் ஊர் மெட்ரோ போல நுழைவு வாயில் எதுவும் கிடையாது, நேரே ரயிலேறலாம். அதனால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், பரிசோதகர் வண்டிக்குள்ளேயே வருவார்.

படி 4: ரயில்

கோபன்ஹேகன் மத்திய நிலையத்தில் ஹெல்சிங்கோர் என்று பலகையில் போட்டிருக்கும் வண்டியில் ஏறுங்கள், அதுதான் கடைசி நிலையம், தாண்டிப் போகப் பயம் இல்லை. நேரம் பார்க்க ரெய்செப்லானன் என்ற தளம் இருக்கிறது. போகும்போது வலது பக்க ஜன்னல் பிடித்தால் அங்கங்கே கடல் தெரியும். சில பெட்டிகளில் அமைதிப் பகுதி என்று குறித்திருப்பார்கள், அங்கே உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் போடாதீர்கள்.

படி 5: நிலையத்திலிருந்து நடை

கால் மணி நேர நடைதான். வெளியே வந்ததுமே வலது பக்கம் கோட்டையின் பச்சைக் கோபுரங்கள் தெரியும், செப்புக் கூரை பாசிப் பச்சையாகிப் போன நிறம். நேரே போய்விடாமல் துறைமுக ஓரமாகப் போங்கள். பழைய கப்பல் கட்டும் தளம் இருந்த இடத்தில், பாறையில் உட்கார்ந்திருக்கும் பளபளப்பான எஃகு இளைஞன் சிலை ஒன்று வரும். ஹான் என்று பெயர், 2012இல் வைத்தது, கோபன்ஹேகன் கடற்கன்னிக்கு ஆண் ஜோடி. மணிக்கு ஒரு முறை கண் சிமிட்டுவான், ஒரு நொடிதான். காத்திருக்கப் பொறுமை இருந்தால் நில்லுங்கள்.

படி 6: கோட்டைக்குள், இந்த வரிசையில்

திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள். அகழி, பாலம், வாயில், இன்னொரு பாலம் என்று தாண்டித்தான் முற்றத்துக்கு வருவீர்கள்.

பெரும்பாலானவர்கள் முதலில் அரச அறைகளுக்குப் போவார்கள். நீங்கள் எதிர்த்திசையில், முதலில் நிலத்தடிக்கு இறங்குங்கள். முற்றுகைக் காலத்தில் சிப்பாய்களும் குதிரைகளும் கிடந்த இடம், ஈரம், கும்மிருட்டு, தரை மேடும் பள்ளமும். போனில் டார்ச் வேண்டும், கூட்டம் சேர்ந்தால் இந்த இடத்தின் திகிலே போய்விடும், அதனால்தான் முதலில் போகச் சொல்கிறேன். அங்கே ஹோல்கர் டான்ஸ்கே உட்கார்ந்திருக்கிறார். கேடயமும் மடியில் வாளுமாக, தலை கவிழ்ந்து தூங்குகிற பெரிய வீரன் சிலை. டென்மார்க்குக்கு ஆபத்து வந்தால் விழித்து எழுவார் என்பது நம்பிக்கை. ஜெர்மனி நாட்டைப் பிடித்து வைத்திருந்த இரண்டாம் உலகப் போர் காலத்தில் எதிர்ப்புக் குழு ஒன்று இவர் பெயரையே வைத்துக்கொண்டது. சிலை கான்கிரீட்தான், அருகே போனால் தெரியும். தெரிந்தாலும் அந்த இருட்டில் கொஞ்சம் உதறத்தான் செய்கிறது.

அப்புறம் மேலே ஏறி நடன மண்டபம். 62 மீட்டர் நீளம், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, கட்டிய காலத்தில் வட ஐரோப்பாவிலேயே பெரிய மண்டபம் என்று பெயர். ஒரு முனையில் நின்று மறுமுனையில் இருப்பவரைப் பாருங்கள், விரல் அளவுதான் தெரிவார். அடுத்து திரைச்சீலை அறை. டென்மார்க் மன்னர்களை வரிசையாக நெய்யச் சொல்லி இரண்டாம் ஃபிரெடரிக் 40 சீலைகள் செய்யச் சொன்னார், ஏழுதான் இங்கே மிச்சம், மீதியில் தப்பியவை கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில். மன்னர்களின் முகத்தை விட்டுவிட்டு அவர்கள் காலடியில் நெய்திருக்கும் நாய், பூச்செடி, தூரத்துக் கப்பல்களைக் கவனியுங்கள், நெய்தவர்கள் சந்தோஷமாக வேலை பார்த்தது அங்கேதான் என்று தோன்றும். தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள், தீயில் தப்பியது என்று சொன்னேனே, அது.

கடைசியாக வெளியே வந்து, கடல் பக்கக் கொத்தளத்தில் நில்லுங்கள். பீரங்கிகள் ஸ்வீடனைப் பார்த்து வரிசையாக நிற்கும், அரச குடும்ப விசேஷ நாட்களில் இங்கிருந்து இன்றும் மரியாதைக் குண்டு போடுகிறார்கள். எதிர்க்கரைக்குப் போகும் படகுக்கப்பல் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும். அந்த நாலு கிலோமீட்டரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வரிக் கதை முழுசாகப் புரியும். இதற்கு டிக்கெட் கிடையாது, வெளிச்சுற்று முழுக்க இலவசம்.

எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: சாப்பாடு, பக்கத்து மியூசியம்

கோட்டைக்கு எதிரே கடல்சார் அருங்காட்சியகம், 2013இல் திறந்தது. கோட்டையை மறைக்கக் கூடாது என்று கப்பல்களைப் பழுதுபார்த்த பழைய உலர்துறையைச் சுற்றி மண்ணுக்கடியில் கட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் போகும்வரை கட்டடமே தெரியாது.

சைவர்கள் கடையில் உருளைக்கிழங்கு ஸ்மோர்பிரோ கேளுங்கள், ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டி மேல் வெந்த கிழங்கு அடுக்கி வைத்தது. மேலே மயோனைஸ் இருக்கும், சில கடையில் பன்றி இறைச்சித் துருவலும் தூவுவார்கள், சொல்லி வாங்க வேண்டும். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு அழ வேண்டாம்.

திரும்பும் வழியில் ஹும்லபெக் நிலையத்தில் இறங்கினால் லூயிசியானா நவீன ஓவிய மியூசியம், செவ்வாய் முதல் வெள்ளி வரை இரவு பத்து மணி வரை திறந்திருக்கும். ஓவியம் பிடிக்காதவர்களும் அதன் கடலோரத் தோட்டத்துக்காகப் போகலாம்.

படி 8: இன்னொரு நாள் இருந்தால்

மின்னுகிற அரண்மனை கேட்டவர்களுக்கு ரோசன்போர்க். நகர நடுவில், நோரபோர்ட் நிலையத்துக்குப் பக்கம், நேரம் குறித்து முன்பதிவு செய்துவிடுங்கள். நிலவறையில் மகுடங்கள், மேலே ஆளுயர வெள்ளிச் சிங்கங்கள் மூன்று. கட்டியவர் அதே நான்காம் கிறிஸ்டியன். 1644இல் கடற்போரில் ஒரு கண்ணை இழந்தபோது அவர் போட்டிருந்த ரத்தக்கறை உடைகூட அங்கே இருக்கிறது. இவர் நமக்கு அந்நியர் இல்லை. 1616இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி தந்தது இவர்தான், அந்தக் கப்பல்கள் வந்து தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றது 1620இல். நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ரோசன்போர்க் பக்கத்துப் படைமுகாமிலிருந்து காலை 11.30க்குக் காவலர்கள் அணிவகுத்துக் கிளம்புவார்கள், கூடவே நடந்தால் 12 மணிக்கு அரச குடும்பம் வசிக்கும் அமாலியன்போர்க் அரண்மனையில் காவல் மாற்றம். அங்கிருந்து கடற்கன்னி சிலைக்கு நடக்கலாம், ஒன்றேகால் மீட்டர் உயரம்தான், ஏமாறாதீர்கள். உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க, நாடாளுமன்றம் இருக்கும் கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனைக் கோபுரம், லிஃப்ட் உண்டு, இலவசம். இலவசம் என்பதால் வரிசை நீளும், திங்கட்கிழமை மூடியிருக்கும்.

இரண்டாம் நாளை ஊருக்கு வெளியே கழிக்க விரும்பினால் ஹில்லெரோட் போய் ஏரி நடுவே நிற்கும் ஃபிரெடரிக்ஸ்போர்க் அரண்மனை பாருங்கள், அழகில் க்ரோன்போர்க்கைத் தூக்கிச் சாப்பிடும். ஹெல்சிங்கோரிலிருந்தே அங்கே சின்ன ரயில் உண்டு என்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கச் சொல்லும் திட்டங்கள் நிறைய உலவுகின்றன. கோடையில் முதல் ரயில் பிடித்தால் முடியும், ஆனால் இரண்டையுமே ஓடிக்கொண்டேதான் பார்ப்பீர்கள்.

டிவோலி கேளிக்கைப் பூங்காவை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், விளக்கு போட்ட பிறகுதான் அதற்குக் களை. 1843இல் திறந்தது, ஆனால் வருஷம் முழுக்கத் திறந்திருப்பதில்லை, பருவங்களுக்கு நடுவே மூடிவிடுவார்கள். விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே அதன் தேதிகளைப் பார்த்துவிடுங்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் முக்கியமாக.